இருந்தபடியாருக்கு ஒரு வழிமொழிவு

ஒன்றையும் மாற்றமாட்டேன் என்று சொல்லி வாக்குக் கேட்டு, வென்று, சொன்னதுபோலவே ஒன்றையும் மாற்றாமல் இருந்து, அடுத்த தேர்தலிலும் வென்ற மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்கமுடியும். அவர் எங்கள் தீவில் இருக்கிறார். காலையில் குறிகட்டுவான் பஸ் போகும் றோட்டுக்கு வந்தால் நீங்களும் பார்க்கலாம். பஸ்சில் ஏறுவதற்காக நிற்கமாட்டார். பஸ் வழமைபோலப் பிந்தி வருகிறதா என்று பார்ப்பதற்காக நிற்பார். ஒருநாள் அது சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. சாரதியிடம் போய், "என்ன தம்பி, ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டார்.

அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. வாக்காளர் இடாப்பில் இருக்கிறது. ஊரில் அதை யாரும் பாவிப்பதில்லை. பிரதேச சபையில் என்ன பிரேரணை வந்தாலும் எழுந்து, வேட்டியை ஒருமுறை இறுக்கி, "தவிசாளர் அவர்களே, இருந்தது இருந்தபடி இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இருப்பார். அதனால் அவர் இருந்தபடியார். கடிதம்கூட அந்தப் பெயருக்கு வரும். தபால்காரர் சரியான வீட்டில் கொடுப்பார்.

அவர் சுயேச்சைக் குழுவாகத்தான் தேர்தல் கேட்டார். மாட்டு வண்டிச் சின்னம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். கிடைத்தது மின்விசிறி. முதல் பிரசாரக் கூட்டத்தில் நானும் முன்வரிசையில் இருந்தேன். ஒலிபெருக்கி வேண்டாம் என்று தள்ளிவைத்துவிட்டுப் பேசினார்.

"எனக்கு மின்விசிறியைத் தந்திருக்கினம். எங்கட வீட்டில மின்விசிறி இல்லை. வேப்பமரம் நிக்குது, அது காணும். எண்டாலும் நீங்கள் மின்விசிறிக்குத்தான் போடவேணும். நான் வந்தால் என்ன செய்வன் எண்டு கேக்கிறியள். நான் ஒண்டும் செய்யமாட்டன். மற்ற ஆக்கள் செய்யிறதையும் விடமாட்டன். வணக்கம்."

இவ்வளவுதான். எங்கள் தீவில் இதைவிடச் சின்னத் தேர்தல் பேச்சை யாரும் கேட்டதில்லை. வாக்குறுதிகளைக் கேட்டு ஏமாந்த சனம், இந்த வாக்குறுதியாவது நிறைவேறும் என்று நினைத்து அவரை வெல்ல வைத்தது.

அவருக்கு வாக்களிக்காத ஒருவர் அவருடைய மனைவி. வாக்குச்சாவடிக்கு வெளியே வந்து நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"நான் உவருக்குப் போடேல்லை."

"ஏனக்கா?" என்றேன்.

"குசினிக்குள்ள புகை நிக்குது, ஒரு ஜன்னல் வைச்சுத் தாங்கோ எண்டு கேட்டு இருவத்தெட்டு வரியம். இருந்தபடி இருக்கட்டும் எண்டுறார். எனக்கு ஒரு ஜன்னல் வைக்காத மனுசன் ஊருக்கு என்னத்தை வைக்கப்போறார், மாஸ்டர்?"

நான் சபைக்குப் போனது அவருடைய இரண்டாவது தவணையில். அவர் வட்டாரத்தில் நின்று வென்று வந்தவர். நான் ஒரு கட்சியின் பட்டியலில் பெயர் கிடந்து, வாக்கு ஒன்றும் கேட்காமல் நியமனமாக வந்தவன். ஓய்வுபெற்ற அதிபர், முப்பது வருடம் குடியியல் படிப்பித்தவர், சபைக்கு ஒரு மரியாதை என்று சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். முதல் நாளே இருந்தபடியார் என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

"நீர் பட்டியலால வந்தனீர். நான் வாக்கால வந்தனான். எண்டாலும் பக்கத்தில இரும். படிச்ச மனுசன் பக்கத்தில இருந்தா நான் சொல்லுறது கொஞ்சம் சரிபோலக் கேக்கும்."

அந்த மாதம்தான் உறுப்பினர்களுக்குப் புதிதாகச் சுழலும் கதிரைகள் வந்தன. எல்லோரும் ஏறி இருந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தோம். நானும் சுற்றினேன். அவர் மட்டும் களஞ்சிய அறைக்குள் போய் ஒரு பழைய பிரம்புக் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

"சுழலுற கதிரையில இருந்துகொண்டு நிலையான முடிவு எடுக்கேலாது" என்றார்.

அன்றைக்கே ஒரு உறுப்பினர், வீதி விளக்குப் பிரேரணையின்போது கையைத் தூக்க, கதிரை அவரைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டது. இருந்தபடியார் பிரம்புக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். தவிசாளரைப் பார்த்து ஒருமுறை தலையை மட்டும் ஆட்டினார்.

வீதி விளக்குகளுக்கு அவர் சொன்ன ஆட்சேபனை கூட்டறிக்கையில் இன்னும் கிடக்கிறது. "இருட்டில எங்களுக்கு வழி தெரியும், கள்ளனுக்குத் தெரியாது. லைற் போட்டா ரெண்டு பேருக்கும் தெரியும். இதால நன்மை ஆருக்கு எண்டு சபை யோசிக்கவேணும்." சபை யோசித்தது. 

கட்டாக்காலி மாடுகளைப் பிடித்து அடைக்கவேண்டும் என்றார்கள். மாடு றோட்டில் நடக்கவில்லை, மாடு நடந்த பாதையில்தான் றோட்டுப் போட்டது, அடைப்பதென்றால் றோட்டைத்தான் அடைக்கவேண்டும் என்றார். திண்மக்கழிவு முகாமைத்துவம் பார்க்க மலைநாட்டுக்கு உறுப்பினர்களை மூன்று நாள் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்றார்கள். "குப்பை பாக்க அவ்வளவு தூரம் ஏன்? சந்தைக்குப் பின்னால வாங்கோ, நான் காட்டுறன்" என்றார். கூட்ட அறிவித்தல்களை இனி வட்ஸ்அப்பில் அனுப்புவோம் என்றார்கள். பிரான்சில் இருக்கும் மகன் அனுப்பிய போன் அவர் வீட்டு அலுமாரிக்குள் பெட்டி உடைக்காமல் இருந்தது. அவர் சட்டப் புத்தகத்தைத் திறந்து, அறிவித்தல் எழுத்தில் கிடைக்கவேண்டும் என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் நின்றார். பிறகு ஒவ்வொரு மாதமும் அலுவலக உதவியாளர் சைக்கிளில் போய் அவருக்கு மட்டும் கடிதம் கொடுத்தார். கொடுத்தவருக்கு ஒவ்வொரு முறையும் அக்காவின் தேத்தண்ணியும் பனங்காய்ப் பணியாரமும் கிடைக்கும். வட்ஸ்அப்பை எதிர்த்தவர்கள் எங்கள் சபையில் இரண்டு பேர். மற்றவர் அந்த உதவியாளர்.

ஆனால் அவரை வெறும் பிடிவாதக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. எந்தப் புதுச் சாமான் வந்தாலும் எதிர்ப்பார். அது மூன்று வருடம் தாக்குப்பிடித்தால் அன்றையிலிருந்து அதைக் காப்பாற்றத் தொடங்கிவிடுவார். அவர் எதிர்த்த அந்த வீதி விளக்குக் கம்பங்களில் ஒன்றை, யாரோ தன் வாசலில் கேற் வைப்பதற்காக நாலு முழம் தள்ளி நடவேண்டி வந்தது. கம்பத்துக்கு அப்போது மூன்று வருடமும் சில நாளும். வேலையாட்கள் வந்து பார்த்தால், கம்பத்துக்குக் கீழே கதிரை போட்டு இருந்தபடியார் இருக்கிறார்.

"இது எங்கட கம்பம். தொடக் கூடாது."

"ஐயா, நீங்கள்தானே இதை நட வேண்டாம் எண்டனீங்கள்!"

"ஓம். அப்ப அது விருந்தாளி. இப்ப அது ஊர்க்காரன்."

கேற்றுக்காரர் கடைசியில் கேற்றைத்தான் தள்ளி வைத்தார்.

இப்படி எல்லாவற்றையும் எதிர்ப்பதோடு அவர் நிற்கவில்லை. தானும் பிரேரணை கொண்டுவருவார். சபை வளவுக்குள் நிற்கும் வேம்பை வெட்டக்கூடாது, மணிக்கூட்டை ஐந்து நிமிடம் பிந்தியே ஓட விடவேண்டும், ஏனென்றால் சனம் அதற்கேற்றபடி பழகிவிட்டது, இப்படி ஏதாவது. சபையில் ஒரு விதி உண்டு. ஒருவர் முன்மொழிந்தால் இன்னொருவர் வழிமொழியவேண்டும். வழிமொழிய ஆளில்லாவிட்டால் அந்தப் பிரேரணையைப் பற்றி விவாதமே கிடையாது. அப்படியே விழுந்துவிடும். அவருடைய பிரேரணைகள் எல்லாம் விழுந்தன. இரண்டு தவணையிலும் அதுவரை ஒன்றைக்கூட ஒருவரும் வழிமொழியவில்லை. தவிசாளர் "வழிமொழியிறது ஆர்?" என்று கேட்பார். உறுப்பினர்கள் கதிரையில் மெல்லச் சுழல்வார்கள். தவிசாளர் "அடுத்த விடயம்" என்பார். இருந்தபடியார் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இருப்பார்.

ஒருநாள் கூட்டம் முடிந்து தேத்தண்ணிக் கடையில் இருந்தபோது அவராகவே சொன்னார்.

"மாஸ்டர், நான் வெல்லவேணும் எண்டு ஆசைப்படேல்லை. நான் சொல்லுறது வென்றால் பேந்து நான் எதை எதிர்க்கிறது? ஆனா ஒரு தரமாவது ஒருத்தர் வழிமொழிஞ்சாப் போதும். பேந்து எல்லாரும் சேர்ந்து தோக்கடிக்கட்டும். விழுந்தது எண்டு எழுதாமல், தோத்தது எண்டு எழுதவேணும். அது ஒரு மரியாதை."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனிமேல்தான் நான் எழுதவேண்டியது இருக்கிறது. இவ்வளவு நேரமும் அவரைப் பற்றி எழுதியது, என்னைப் பற்றி எழுதுவதைக் கொஞ்சம் பிற்போடுவதற்காகத்தான்.

எங்கள் ஒழுங்கை பெரிய றோட்டில் ஏறும் சந்தியில் ஒரு ஆவுரஞ்சிக் கல் நின்றது. நெஞ்சளவு உயரமான கல்தூண். மாடுகள் முதுகும் கழுத்தும் உரஞ்சுவதற்காக அந்தக் காலத்தில் யாரோ புண்ணியத்துக்கு நாட்டியது. பக்கத்தில் மாடு தண்ணீர் குடிக்கிற தொட்டியும் இருந்தது, அது எப்போதோ உடைந்துவிட்டது. மாடுகள் உரஞ்சி உரஞ்சிக் கல்லின் ஒரு பக்கம் மினுங்கும். ஒழுங்கையை அகலிக்கிறோம், கல் இடைஞ்சல், எடுக்கவேண்டும் என்று சபை சொன்னது. இருந்தபடியார் பிரேரணை எழுதினார். கல்லை எடுக்காமல், அந்த இடத்தில் ஒழுங்கையை ஒரு முழம் வளைத்துப் போடவேண்டும்.

எழுதிய தாளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். வந்து கதிரையில் இருக்காமல் வாசலிலேயே நின்றார்.

"மாஸ்டர், இதை நீர் வழிமொழியவேணும். மற்றதுகள் விழுந்தது பரவாயில்லை. இது விழக்கூடாது."

அவர் காரணம் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தேவையும் இல்லை. ஏனென்றால் நான் நின்றுகொண்டிருந்த வீடே அந்தக் காரணம்தான்.

யுத்தத்தில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்து, பல வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது, அவரும் நானும் ஒன்றாகத்தான் வந்தோம். வந்து பார்த்தால் ஊரைக் காணவில்லை. கூரை இல்லை, கதவு இல்லை, வேலி இல்லை. ஒழுங்கை எங்கே, வளவு எங்கே என்று தெரியாமல் ஒரே நாயுண்ணியும் விளாத்தியும் புதராக மூடிக் கிடந்தது. நான் பிறந்த மண்ணில் நின்றுகொண்டு என் வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றேன். நிமிர்ந்து நின்றது ஒன்றே ஒன்று. அந்தக் கல். கதவையும் கூரை ஓடுகளையும் கழற்றிக்கொண்டு போனவர்களுக்கு மாடு உரஞ்சுகிற கல் எதற்கு? ஒருவருக்கும் தேவைப்படாததால் அது மட்டும் மிஞ்சியிருந்தது.

இருந்தபடியார் கல்லில் முதுகை வைத்து நின்று, கிழக்கே பார்த்து எண்ணத் தொடங்கினார். சின்ன வயதில் மாடு சாய்த்துக்கொண்டு திரிந்த பாதை, எங்கிருந்து எங்கே எத்தனை காலடி என்ற எட்டுக் கணக்கு அவருக்குத் தெரியும். எதை மிதிப்போம் என்று தெரியாத காலம் அது. அவர் முன்னால் நடந்தார். அவருடைய கால் பட்ட இடத்திலேயே நான் என் காலை வைத்து நடந்தேன். நூற்றுப் பன்னிரண்டாவது எட்டில் அவர் கால் ஒரு கிணற்றுக்கட்டில் இடித்தது.

"இந்தா உம்மட கிணறு. இனி வீட்டைக் கட்டும்" என்றார். அதன் பிறகு திரும்பப் போய், கல்லில் இருந்து மறுபடி எண்ணித் தன் வளவைத் தேடினார். எனக்குத் தேடித் தந்த பிறகுதான் தனக்குத் தேடினார்.

ஆகவே அவர் தாளோடு வந்து நின்றபோது நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "ஓம் அண்ணை. நான் வழிமொழியிறன். நீங்கள் பயப்படாமல் போங்கோ" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

கூட்டத்தன்று அவர் புது வேட்டி கட்டி வந்திருந்தார். புதியது என்றால், மூன்று வருடத்துக்கு மேல் அலுமாரியில் இருந்த புதியது. அன்றைக்கென்று யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு பத்திரிகை நிருபரும் வந்து சுவரோரம் இருந்தார். இருந்தபடியார் எழுந்து பிரேரணையை வாசித்தார். "ஆவுரஞ்சிக் கல்" என்ற இடத்தில் ஒரு சிரிப்புக் கேட்டது. "மாடுகளின் நலன் கருதி" என்ற இடத்தில் சபை முழுவதும் சிரித்தது. நிருபர் தலை குனிந்து வேகமாக எழுதினார்.

அப்போது எனக்குள் ஒன்று நடந்தது. நாளைப் பத்திரிகையில் 'மாட்டுக்கு முதுகு சொறிய முன்னாள் அதிபர் வழிமொழிந்தார்' என்று வருவதை அச்சில் பார்ப்பதுபோலப் பார்த்தேன். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் என் பழைய மாணவர்கள் அதை ஒருவருக்கு ஒருவர் அனுப்புவதைப் பார்த்தேன். என்னை யாரும் மிரட்டவில்லை. யாரும் எதுவும் தருவதாகச் சொல்லவில்லை. சிரித்துவிடுவார்களே என்று பயந்தேன். அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் எழுதுவதற்கு எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

"வழிமொழியிறது ஆர்?" என்றார் தவிசாளர்.

நான் கண்ணாடியைக் கழற்றினேன்.

"வழிமொழியிறது ஆர்?"

"மாட்டிட்டக் கேளுங்கோ தவிசாளர், அது வழிமொழியும்" என்றார் சபையிலேயே வயது குறைந்த உறுப்பினர். மறுபடியும் சிரிப்பு.

நான் கண்ணாடியைச் சால்வை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறை தவிசாளர் கேட்டபோது இருந்தபடியார் என் பக்கம் திரும்பினார் என்று தெரியும். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்குப் பக்கத்தில் இருப்பவரின் முகமும் புகைபோலத்தான் தெரியும். அதற்காகத்தான் கழற்றியிருந்தேன்.

"அடுத்த விடயம்" என்றார் தவிசாளர்.

தாள் நாலாக மடிகிற சத்தம் எனக்குக் கேட்டது.

அடுத்த கிழமை பெக்கோ இயந்திரம் வந்து கல்லைப் பிடுங்கியது. கல் லேசில் வரவில்லை. மண்ணுக்கு மேலே நின்ற அளவுக்கு மண்ணுக்குக் கீழேயும் இருந்தது. அதை எடுத்துக்கொண்டுபோய்ச் சபையின் பின் வளவில், உடைந்துபோன சுழலும் கதிரைகளுக்குப் பக்கத்தில் போட்டார்கள். இருந்தபடியார் என்னோடு கோபப்படவில்லை. முன்னைப்போலவே "என்ன மாஸ்டர், சுகமோ?" என்று கேட்டார். பேச்சை நிறுத்தியிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பியிருப்பேன். அவர் எனக்கு அந்த வசதியைத் தரவில்லை.

அந்த மாதம் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில், முப்பது வருடம் குடியியல் படிப்பித்த மூளை ஒரு வழி கண்டுபிடித்தது. படித்தவர்கள் செய்யும் முட்டாள்தனத்துக்கு ஒரு தனி ஒழுங்கு இருக்கும். எனது முட்டாள்தனத்திலும் அது இருந்தது.

அடுத்த அமர்வில் முதல் விடயம் வழமைபோலச் சென்ற மாதக் கூட்டறிக்கையை உறுதிப்படுத்துவது. செயலாளர் வாசித்துக்கொண்டு வந்தார். "ஆவுரஞ்சிக் கல் தொடர்பான பிரேரணை, வழிமொழிவார் எவரும் இன்மையால் கைவிடப்பட்டது" என்ற இடத்தில் நான் எழுந்தேன்.

"அதில ஒரு திருத்தம். நான் வழிமொழிஞ்சனான். மெதுவாச் சொன்னதால செயலாளருக்குக் கேக்கேல்லைப் போல."

செயலாளர் பேனையைக் கீழே போட்டுவிட்டார். தவிசாளர் என்னைப் பார்த்தார். கல்தான் போய்விட்டதே, இனித் திருத்தினால் யாருக்கு நட்டம் என்று அவர் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது.

"மாஸ்டர் பொய் சொல்லமாட்டார். திருத்துங்கோ" என்றார்.

பிரம்புக் கதிரை கிரீச்சிட்டது.

"ஆட்சேபனை" என்றார் இருந்தபடியார்.

"அண்ணை, இது உங்களுக்குச் சாதகமான திருத்தமெல்லோ!"

"அது எனக்கு விளங்குது. ஆனா மாஸ்டர் வழிமொழியேல்லை. அவர் கண்ணாடி துடைச்சவர். நான் பாத்தனான்."

சபையில் ஒரு கதிரையும் சுழலவில்லை.

"எனக்குச் சாதகம் எண்டதுக்காக நடக்காததை எழுதேலாது, தவிசாளர். இண்டைக்கு எனக்காக ஒரு வரியை மாத்தினா, நாளைக்கு ஆருக்காகவோ ஒரு பக்கத்தை மாத்துவியள். நடந்தது நடந்தபடி இருக்கட்டும். கூட்டறிக்கையை ஒரு எழுத்தும் மாத்தாமல் உறுதிப்படுத்தவேணும் எண்டு நான் முன்மொழியிறன்."

தவிசாளர் பழக்கதோஷத்தில், "வழிமொழியிறது ஆர்?" என்று கேட்டுவிட்டார்.

யாரும் வாய் திறக்கவில்லை. வழமையாக வாய் திறக்காததற்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது. இதை வழிமொழிந்தால் அதிபரைப் பொய்யர் என்று சொன்னதாகிவிடும். சபையில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். மாட்டிடம் கேட்கச் சொன்ன அந்த இளைய உறுப்பினர்கூட மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வழிமொழியிறது ஆர்?"

இருந்தபடியார் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை தானாகவே சட்டைப்பைப் பக்கம் போனதைக் கண்டேன். இந்த முறை நான் கண்ணாடி போட்டிருந்தேன். மடிப்பதற்குக்கூட அன்றைக்கு அவரிடம் தாள் இல்லை. கை பைக்குள் போய் வெறுமனே திரும்பி வந்தது.

"நான் வழிமொழியிறன்" என்றேன்.

தவிசாளர் மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "மாஸ்டர், விளங்கித்தான் சொல்லுறியளோ? இதை வழிமொழிஞ்சா, நீங்கள் முதல் சொன்னது பொய்யெண்டு ஆகும்."

"ஓம். விளங்கித்தான் சொல்லுறன். நான் வழிமொழியேல்லை. வழிமொழியிறன் எண்டு வாக்குக் குடுத்திட்டு வாயைத் திறக்கேல்லை. அதை அப்பிடியே எழுதுங்கோ."

பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது. இரண்டு தவணைக்குள் அவர் முன்மொழிந்து ஒருவர் வழிமொழிந்த முதலாவது பிரேரணை அதுதான். கடைசியும் அதுதான். நிருபர் அன்றைக்கு வரவில்லை. வந்திருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். அப்படி நினைப்பதற்கு நான் ஒரு மாதம் பிந்திவிட்டேன்.

கூட்டம் முடிந்து பஸ்சுக்கு நின்றபோது அவர் முகம் தேர்த்திருவிழா பார்த்த முகம்போல இருந்தது.

"பாத்தீரோ மாஸ்டர்! தோக்கவும் இல்லை. ஏகமனதா வென்றிருக்கு! செயலாளரிட்டச் சொல்லி ஒரு பிரதி எடுக்கவேணும்."

"அண்ணை, என்னை மன்னிக்கவேணும்" என்றேன்.

"அதுக்கெல்லாம் பிரேரணை தேவையில்லை. பஸ் வருது, ஏறும்" என்றார்.

அந்தப் பிரதி இப்போது அவர் வீட்டு அலுமாரிக்குள், பெட்டி உடைக்காத போனுக்கு மேலே இருக்கிறது. அதைப் பார்க்கப் போன அன்று அக்கா குசினிக்குள் இருந்து குரல் கொடுத்தார்.

"மாஸ்டர், வழிமொழியத் தொடங்கிட்டியள் எண்டு கேள்விப்பட்டன். குசினி ஜன்னலுக்கு நான் முன்மொழியிறன்."

"வழிமொழியிறன் அக்கா" என்றேன்.

இருந்தபடியார் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். விதி விதிதான். "அப்ப விவாதத்துக்கு எடுக்கத்தான் வேணும்" என்றார். எட்டு மாதம் விவாதித்த பிறகு ஜன்னல் வைத்தார்கள். அதை அவர் இன்னும் ஜன்னல் என்று சொல்வதில்லை. "அந்த ஓட்டை" என்கிறார்.

சபையின் காலம் முடிந்து தேர்தல் பிந்திக்கொண்டே போனபோது, தீவில் அதை வரவேற்றவர் அவர் ஒருவர்தான். பிறகு தேர்தல் வந்தபோது அவர் வாக்குக் கேட்கவில்லை. வேட்புமனுப் படிவத்தை மாற்றிவிட்டார்களாம். ஆனால் அதற்கு முன்பே, சபை கலைந்த கையோடு, நான் செயலாளரைப் பிடித்து, எழுதிக் கொடுத்து, பின் வளவில் கிடந்த கல்லை வாங்கினேன். உழவு இயந்திரம் பிடித்து ஏற்றிவந்து, என் வேலியை றோட்டோரம் உள்ளே இழுத்து, அந்த மூலையில் ஆழமாகக் கிடங்கு வெட்டி நாட்டினேன். பக்கத்தில் ஒரு தொட்டியும் கட்டி என் கிணற்றில் இருந்து தண்ணீர் விட்டேன். அவரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். எத்தனை வருடம் பழகியும் எனக்கு அவரைத் தெரியவில்லை.

கல்லை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது பிழை. கல்லு நிண்ட இடம் சந்தி. இதில இருந்து எண்ணினா உம்மட கிணத்துக்கு எத்தினை எட்டு?"

"ஆறு, அண்ணை."

"ஆறு எட்டு நடக்கிறதுக்கு ஒரு கல்லு தேவையோ?"

 அவர் போகப் புறப்பட்டு, கேற்றடியில் நின்று திரும்பினார்.

"எண்டாலும் மூண்டு வரியம் போகட்டும், பாப்பம்."

முதலில் மாடுகளும் அவருடைய கட்சிதான். எட்டியும் பார்க்கவில்லை. பிறகு ஒரு செம்பசு வந்து தண்ணீர் குடித்து, கழுத்தை வைத்து உரஞ்சியது. நான் ஓடிப்போய் அவருக்குச் சொன்னேன். "அது புது மாடு. அதுக்குப் பழசு தெரியாது" என்றார். இப்போது ஏழெட்டு மாடு வருகிறது. கல்லின் ஒரு பக்கம் மறுபடி மினுங்கத் தொடங்கிவிட்டது. காலையில் பஸ் பார்க்க வருபவர், நான் எழும்பவில்லை என்று நினைத்து, அந்தக் கல்லில் முதுகைச் சாய்த்து, இடமும் வலமுமாக மெல்ல உரஞ்சுவதை நான் ஜன்னலால் பார்த்திருக்கிறேன். இதை அவரிடம் சொன்னதில்லை.

மூன்று வருடம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அதன் பிறகு அந்தக் கல் விருந்தாளி இல்லை, ஊர்க்காரன். யாராவது அதில் கைவைத்தால் அவர் கதிரையைக் கொண்டுவந்து போட்டுவிடுவார். அவருக்கு வயது எழுபத்தெட்டு. போன மாதம் இரண்டு நாள் பஸ் பார்க்க வரவில்லை. கேட்டால், முழங்கால் மட்டும் கொஞ்சம் மாறிவிட்டது, தன்னைக் கேட்காமலே மாறிவிட்டது என்றார். இந்த ஐந்து மாதத்துக்காவது அவர் இருந்தபடி இருக்கட்டும் என்று நான் முன்மொழிகிறேன். ஒருத்தர் வழிமொழிந்தால் போதும்.